இடப்பக்கம் முடியாத கப்பல்

வணக்கம்.

‘ஸ்டார் ட்ரெக்’ தொடரில் வரும் எண்டர்பிரைஸ் விண்கப்பலின் மாதிரிக் கிட்களை (ஒட்டிக் கட்டும் பிளாஸ்டிக் துண்டுகள் உள்ள பெட்டிகளை)ப் பதினைந்து ஆண்டுகளாகச் சேர்த்துவருகிறேன். ஒன்பது பெட்டிகள் இருக்கின்றன; ஒன்றைக்கூடக் கட்டவில்லை. கப்பலின் முன்பக்க வட்டத் தட்டின் மேலுள்ள கோடுகள், சாம்பல் நிறத்தின் சாயல் என ஒவ்வொன்றிலும் அசல் எது என்ற குழப்பம். தவறாகக் கட்டிவிட்டால் பெட்டியும் வீணாகிவிடுமே?

ம.

அன்புள்ள ம.,

நீங்கள் தேடும் அசலின் கதையைக் கேளுங்கள். படப்பிடிப்புக்காக 1964இல் செய்த பெரிய மாதிரி ஏறத்தாழ 3.4 மீட்டர் நீளம். பிறகு உள்ளே விளக்குகள் பொருத்தியபோது மின்கம்பிகளை இடப்பக்கமாக வெளியே எடுத்தார்கள். கேமரா வலப்பக்கத்தையே பார்த்தது. இடப்பக்கம் அரைகுறையாகவே நின்றுவிட்டது. 1974இல் அது அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குப் போனது. 1990களின் தொடக்கத்தில் சீரமைத்தவர்கள் உடலெங்கும் அழுத்தமான கட்டக் கோடுகளைத் தீட்ட, ரசிகர்கள் கொதித்தார்கள். 2016இல் முடிந்த சீரமைப்பில் அவை நீக்கப்பட்டன. தட்டின் மேற்புறத்தில் மட்டும் 1960களின் பூச்சு, மெல்லிய பென்சில் கோடுகளோடு, இன்றும் இருக்கிறது.

ஆக, உங்கள் ஒன்பது பெட்டிகளிலும் உள்ள இடப்பக்கம் வலப்பக்கத்தைப் பார்த்து யாரோ நிரப்பியது. அவர்களுக்கு இருந்த உரிமை உங்களுக்கு மட்டும் ஏன் இல்லை? கட்டாத கிட் எனக்குக் கப்பலாகவே தெரிவதில்லை.

1/1000 அளவில் தொடங்குங்கள். கதைப்படி 289 மீட்டர் நீளமுள்ள கப்பல் 29 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். கவனம் வேண்டிய இடம் எஞ்சின் குழாய்கள். மெலிந்த இரு தாங்கிகளின் நுனியில் அவ்வளவு கனமும் நிற்கிறது. மாடல் பசை பிளாஸ்டிக்கை உருக்கி இணைக்கும் பசை. உருகிய இடம் இறுகுவதற்குள் குழாய்கள் சரிந்துவிடும். என் முதல் கப்பல் அப்படித்தான் ஒரே இரவில் தோள் தொங்கியது. அன்று நான் அழாத குறை. இப்போது தாங்கிக்குள் மெல்லிய பித்தளைக் கம்பி செருகி, ஒரு நாள் முழுக்க முட்டுக் கொடுத்து வைக்கிறேன். விளக்கு பொருத்துவதாக இருந்தால் உட்புறம் கறுப்பு பூசி, அதன் மேல் வெள்ளை பூசுங்கள். இல்லாவிட்டால் ஜன்னல்களோடு சுவரும் சேர்ந்து ஒளிரும்.

நிறத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். படப்பிடிப்பு விளக்கில் தெரிந்த சாம்பல் வேறு, அருங்காட்சியகத்தில் தெரிகிற சாம்பல் வேறு. இரண்டு மூன்று சாயல்களைத் துண்டுப் பிளாஸ்டிக்கில் பூசி, கப்பலை வைக்கப்போகும் அலமாரியில் இரவு விளக்கின் கீழ் பாருங்கள். அங்கே எது உங்கள் மனத்திலுள்ள கப்பலாகத் தெரிகிறதோ, அதைப் பூசுங்கள்.