பரம்பரைக் கொழுப்பைக் கணினி கண்டுபிடிக்குமா? – கேள்வி பதில்

பாம்பனிலிருந்து ஒருவர்: என் அண்ணனுக்கு 41 வயதில் மாரடைப்பு வந்தது. ஒல்லியான உடம்பு, கடலில் உழைப்பவர், சாப்பாடு பெரும்பாலும் மீன்தான். அதற்கு ஓராண்டு முன்பே அவருடைய கெட்ட கொழுப்பு 238 இருந்திருக்கிறது. இது எப்படி?

பதில்: உழைப்பாலும் உணவாலும் மட்டும் அடங்காத கொழுப்பு இது. ரத்தத்தில் வரும் எல்டிஎல் என்னும் கெட்ட கொழுப்பைக் கல்லீரல் தன் ஏற்பிகளை, அதாவது கொழுப்பைப் பிடித்திழுக்கும் புரதங்களைக் கொண்டு உள்ளிழுக்கிறது. அந்த ஏற்பிக்குரிய மரபணு தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ பழுதாக வந்துவிட்டால், பிறந்த நாள் முதலே கொழுப்பு ரத்தத்தில் தேங்கிவிடும். ஏற்பியைக் கண்டறிந்த பிரௌன், கோல்ட்ஸ்டீன் இருவரும் 1985இல் நோபல் பரிசு பெற்றார்கள். ஏறத்தாழ 250 முதல் 300 பேரில் ஒருவருக்குப் பரம்பரைக் கொழுப்பு என்னும் இக்குறை உண்டு. பெரும்பாலோருக்கு அது தெரியாது. அண்ணனுக்கு இருப்பதாக உறுதியானால், உங்களுக்கும் இருக்கச் சரிபாதி வாய்ப்பு உண்டு.

கீழக்கரை வாசகி: கணினி இதைக் கண்டுபிடித்துவிடும் என்கிறார்களே?

பதில்: சந்தேகப்பட வேண்டியவர்களைப் பொறுக்கித் தரும். 190ஐத் தாண்டிய எல்டிஎல், இளவயது மாரடைப்பு, குடும்ப வரலாறு, எழுதித் தரப்பட்ட மாத்திரைகள் ஆகியவற்றை ஆயிரக்கணக்கான பதிவேடுகளில் சேர்த்துப் பார்ப்பது மனிதரால் ஆகாத வேலை. பிரிட்டனில் ‘ஃபேம்கேட்’, அமெரிக்காவில் ‘ஃபைண்ட் எஃப்எச்’ என்னும் நிரல்கள் இப்பணிக்காகவே உருவாக்கப்பட்டன. ஆனால் தைராய்டு குறைந்தாலும், சிலவகைச் சிறுநீரக நோயிலும் கொழுப்பு ஏறும் என்பதால், பட்டியலில் வந்தவரை மருத்துவர் நேரில் பார்த்து, குதிகால் தசைநாண் தடித்திருக்கிறதா என்று தடவிப் பார்த்து, தேவையானால் மரபணுச் சோதனையும் செய்த பிறகே முடிவு சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் லேப் சீட்டுகள் மஞ்சள்பையில் மடங்கிக் கிடக்கின்றன. கணினியில் ஏறாத எண்ணை எந்த நிரலும் படிக்காது. உங்கள் வீட்டுப் பையை நீங்களே ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.

தொண்டியிலிருந்து ஒருவர்: அத்தை மகளை மணந்திருக்கிறேன். இருவருக்குமே கெட்ட கொழுப்பு 200க்கு மேல். பிள்ளைகளுக்கு?

பதில்: இருவருக்கும் இதே மரபணுப் பழுது இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பில் அது இரட்டையாக வந்து சேரும். அப்படி வந்தால் சிறுவயதிலேயே இதயக் குழாய் அடைபடலாம். ஆகவே வயதைப் பாராமல் பிள்ளைகளை உடனே குழந்தை மருத்துவரிடம் அழைத்துச் சென்று சோதியுங்கள்.

மண்டபம் வாசகர்: ஏப்ரல் 15இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியதும் சோதித்துக்கொள்ளலாமா? வெறும் வயிறு அவசியமா?

பதில்: அதுவரை தள்ள வேண்டாம். முதல் சோதனைக்குப் பெரும்பாலும் வெறும் வயிறு தேவையில்லை. கரை திரும்பிய அன்றே ரத்தம் கொடுக்கலாம்.