பள்ளிப் படிப்பில் ஒரு வருடத்தைக் குறைத்தால் என்ன?

உயர்நிலைப் பள்ளியில் ஒரு வருடத்தைக் குறைத்தால் பிள்ளைகள் சீக்கிரம் கல்லூரிக்கோ வேலைக்கோ போய்விடுவார்களே, அதில் என்ன தப்பு என்று கேட்டிருக்கிறீர்கள். வருடத்தைக் குறைத்துவிட்டுப் பாடத்தை அப்படியே வைத்திருந்தால் பெரிய தப்பு.

ஜெர்மனியில் இதைச் செய்தே பார்த்துவிட்டார்கள். அங்கே பல்கலைக்கழகத்துக்குத் தயார்படுத்துகிற ஜிம்னாசியம் பள்ளிகளில் 13-ஆம் வகுப்பு வரை இருந்தது. 2000-களில் மேற்கு மாநிலங்கள் பெரும்பாலானவை அதை 12 ஆக்கின. ஆனால் ஐந்தாம் வகுப்பு முதல் இறுதி வகுப்பு வரை, ஒவ்வொரு வகுப்பின் வாரப் பாடவேளைகளையும் கூட்டினால் 265 வர வேண்டும் என்ற விதி மட்டும் அப்படியே நின்றது. ஒன்பது வருடத்தில் வாரத்துக்கு 29 சொச்சம், எட்டு வருடத்தில் 33. மதியத்தோடு வீடு திரும்பிய பிள்ளைகள் சாயங்காலம் வரை வகுப்பில் உட்கார, பெற்றோர் கொதித்துப்போய் போராடி, கடைசியில் லோயர் சாக்சனி 2015-இலும் பவேரியா 2018-இலும் பழையபடி 13-க்கே திரும்பின. சரி, நேரமாவது மிச்சமானதா? ஃபெயிலாகி அதே வகுப்பில் தங்கியவர்கள் கூடியதால், சராசரியாக மிச்சமானது 12 மாதமல்ல, சுமார் 10 மாதம்தான். தப்பித்து வெளியே வந்தவர்களிலும் பலருக்கு 17 வயது. வாடகை ஒப்பந்தத்தில்கூடத் தானாகக் கையெழுத்துப் போட முடியாத வயது.

நான் கணக்கு நடத்துகிறவன், அதனால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். மடக்கையை (லாகரிதம்) முதல்முறை நடத்தும்போது பாதிப் பேருக்கு அது வெறும் வாய்பாடுதான். ஒரு வருடம் கழித்து வேதியியலில், அமிலத்தன்மையை மடக்கையில் சொல்கிற பிஎச் கணக்கு வரும்போது, ‘அட, இது அதுதானா!’ என்பார்கள். அந்த இடைவெளி சும்மா கிடந்த காலம் இல்லை, அதற்குள்தான் பாடம் உள்ளே இறங்குகிறது. இரண்டையும் ஒரே பருவத்தில் திணித்தால் போர்ஷன் முடியும், அவ்வளவுதான்.

கனடாவின் ஒன்டாரியோவும் 13-ஆம் ஆண்டை எடுத்துவிட்டது. 2003-இல் இரண்டு வகுப்பு மாணவர்கள் சேர்ந்தே வெளியேறியதில் பல்கலைக்கழக இடங்களுக்கு ஏகப்பட்ட நெருக்கடி. அதற்கப்புறமும் நிறையப் பேர் தாங்களாகவே இன்னொரு வருடம் பள்ளியில் தங்கிப் படித்தார்கள்.

ஆனால் குறைந்த வருடம் என்றாலே கெடுதல் என்று நான் சொல்லவில்லை. ஜெர்மனியிலேயே சாக்சனியும் துரிங்கியாவும் 12 வருடத்தில்தான் முடிக்கின்றன. கிழக்கு ஜெர்மனி காலத்திலிருந்தே பழகிய கணக்கு, அங்கே இந்தக் கூச்சல் எழவில்லை.

வேகமாகப் படிக்கிறவர்கள் முன்கூட்டியே முடித்துப் போக வழி இருக்கட்டும், அதைத் தாராளமாக ஆதரிப்பேன். எல்லோருக்கும் ஒரு வருடத்தை வெட்டுகிறோம் என்று யாராவது வந்தால், எந்தெந்தப் பாடத்தை எடுக்கப்போகிறீர்கள் என்று பட்டியல் கேளுங்கள். பட்டியல் கையில் இல்லாதவரை என் ஓட்டு ‘வேண்டாம்’தான்.