சுருக்கச்சொல் விரிய மறுக்கிறதா? வாசகர் கேள்வி – பதில்

சுங்கை சிப்புட்டிலிருந்து இந்த மாதம் வந்தவற்றில் மூன்று கேள்விகள் ஆவணங்களை அச்சுக்கோக்கும் லேட்டெக்ஸ் மென்பொருளைப் பற்றியவை. கட்டளைகளை ஒலிப்படி தமிழில் தந்திருக்கிறோம். தட்டும்போது ஆங்கிலத்தில், இடைவெளி விடாமல், முன்னால் பேக்ஸ்லாஷ் போட்டுத் தட்டுங்கள். ஆப்ஷனுக்கும் ஸ்டைல் பெயருக்கும் பேக்ஸ்லாஷ் வேண்டாம்.

கேள்வி: செம்பனை ஆலைக் கழிவுநீரைப் பற்றி இறுதியாண்டு அறிக்கை எழுதுகிறேன். சுருக்கச்சொற்களை விரிக்கவும் பட்டியலிடவும் குளோசரிஸ் பேக்கேஜ் போட்டிருக்கிறேன். பி.ஓ.டி.யின் (உயிர்வேதியியல் ஆக்சிஜன் தேவை) விரிவு பொருளடக்கத்தில் வந்துவிடுகிறது. முதல் அத்தியாயத்தில் வெறும் பி.ஓ.டி. என்றுதான் நிற்கிறது. ஏன்?

பதில்: அத்தியாயத் தலைப்புக்குள் 'ஜிஎல்எஸ்' கட்டளையைப் போட்டிருப்பீர்கள். அந்தக் கட்டளை முதல் தடவை மட்டும் விரிவைக் காட்டும், பிறகு சுருக்கத்தோடு நின்றுவிடும். தலைப்பு அப்படியே பொருளடக்கத்துக்கும் போகிறது. பொருளடக்கம் முன்பக்கத்தில் இருப்பதால் 'முதல் தடவை' அங்கேயே செலவாகிவிடுகிறது. தலைப்புகளில் 'ஜிஎல்எஸ்என்ட்ரிஷார்ட்' போடுங்கள். அது சுருக்கத்தை மட்டும் எழுதும், கணக்கில் சேராது. மாற்றிய பிறகு பழைய டாட் டிஓசி, டாட் ஆக்ஸ் துணைக் கோப்புகளை அழித்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

ஆய்வுச் சுருக்கத்திலும் இதே வம்பு உண்டு. அந்தப் பக்கத்தைத் தனியாகப் படிப்பவர்கள் பலர். அதனால் அங்கேயும் விரிவு வேண்டும், அறிக்கைக்குள்ளேயும் வேண்டும். ஆய்வுச் சுருக்கம் முடிந்த கையோடு 'ஜிஎல்எஸ்ரீசெட்ஆல்' என்று ஒரு வரி போட்டால் எல்லாம் புதிதாக எண்ணப்படும்.

யாரோ சொன்னார்கள் என்று குளோசரிஸின் விரிவாக்கப் பேக்கேஜான குளோசரிஸ்-எக்ஸ்ட்ராவுக்கு மாறினால் கவனம். அதில் 'நியூஅக்ரோனிம்' கொண்டு எழுதியவை, நீங்கள் வேறு எதுவும் சொல்லாவிட்டால், முதல் தடவையே சுருக்கமாகத்தான் வரும். பலர் இதைப் பிழை என்று நினைத்து அரைநாள் தேடுகிறார்கள். 'செட்அப்ரிவியேஷன்ஸ்டைல்' கட்டளையில் சதுர அடைப்புக்குள் அக்ரோனிம், நெளி அடைப்புக்குள் லாங்-ஷார்ட் என்று கொடுங்கள். இந்த வரி சொற்களை வரையறுக்கும் வரிகளுக்கு மேலே இருக்க வேண்டும். கீழே போட்டால் பலன் இல்லை. பழைய பேக்கேஜில் இதே வேலைக்கு 'செட்அக்ரோனிம்ஸ்டைல்'. அதற்கும் அதே விதிதான்.

கேள்வி: சொற்களெல்லாம் சரி, ஆனால் கடைசியில் பட்டியலே அச்சாகவில்லையே?

பதில்: லேட்டெக்ஸ் தானாக அகரவரிசைப்படுத்தாது. ஒரு தடவை ஓட்டி, 'மேக்குளோசரிஸ்' நிரலை ஓட்டி, மறுபடி லேட்டெக்ஸை ஓட்ட வேண்டும். அந்த நிரலுக்குப் பெர்ல் என்ற நிரல்மொழி தேவை. விண்டோஸில் அது இல்லையென்றால் 'மேக்குளோசரிஸ்-லைட்' போதும். ஓவர்லீஃப் இணையதளத்தில் எழுதுகிறவர்கள் முதன்மைக் கோப்பை எந்த ஃபோல்டருக்குள்ளும் வைக்காமல் வெளியே வைத்தால் அதுவே பார்த்துக்கொள்ளும். பட்டியல் வந்தும் சில சொற்கள் விடுபட்டால், அவற்றை உரையில் எங்குமே அழைக்கவில்லை என்று பொருள். 'ஜிஎல்எஸ்ஆட்ஆல்' போட்டால் அத்தனையும் வரும். பயன்படாத சொல்லைப் பட்டியலில் வைப்பானேன் என்பது எங்கள் கருத்து.

கேள்வி: பட்டியலின் தலைப்பு மலாயில் 'செனராய் சிங்காத்தான்' என்று வர வேண்டும். பக்க எண்ணும் ஒவ்வொரு வரி முடிவிலும் வரும் புள்ளியும் வேண்டாம். விளக்கப் பத்தி ஒடுங்கிக் கிடக்கிறது. சுருக்கங்கள் சின்ன கேப்பிட்டலில் (சிறிய அளவிலான பெரிய எழுத்தில்) இருந்தாலும் நல்லது.

பதில்: பேக்கேஜை அழைக்கும் வரியில் அக்ரோனிம், நோநம்பர்லிஸ்ட், நோபோஸ்ட்டாட் ஆகிய மூன்று ஆப்ஷன்களைச் சேர்த்தால் தனிப் பட்டியல் கிடைக்கும், எண்ணும் புள்ளியும் போய்விடும். தலைப்பை 'பிரின்ட்குளோசரி' கட்டளையின் சதுர அடைப்புக்குள் டைட்டில் என்று கொடுங்கள். அதே இடத்தில் டைப் என்பதற்கு 'அக்ரோனிம்டைப்' கொடுக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் தலைப்பு வேறு பட்டியலின் மேல் போய் உட்காரும்.

லாங் ஸ்டைலில் விளக்கப் பத்தியின் அகலம் வரியில் 0.6 பங்கு. 'ஜிஎல்எஸ்டெஸ்க்விட்த்' அளவை 0.75 ஆக்குங்கள், ஓரம் அமைக்கும் ஜியாமெட்ரி வரிக்குப் பிறகு இதை எழுதுங்கள்.

சின்ன கேப்பிட்டலுக்கு லாங்-எஸ்சி-ஷார்ட் ஸ்டைல். இதில் சுருக்கத்தைச் சிறிய எழுத்தில் தட்ட வேண்டும். பெரிய எழுத்தில் தட்டினால் அப்படியே பெரிதாகத்தான் நிற்கும்.

மலாய் அறிக்கையில் 'ஜிஎல்எஸ்பிஎல்' பக்கமே போகாதீர்கள். அது பன்மைக்கு ஆங்கில எஸ்ஸை ஒட்டிவிடும். ஆங்கில அறிக்கையிலும் எஃப்.எஃப்.பி.க்கு (ஃப்ரெஷ் ஃப்ரூட் பன்ச், அதாவது செம்பனைப் பழக்குலை) லாங்ப்ளூரல் தனியாகக் கொடுக்க வேண்டும். பன்ச் என்பதோடு எஸ் மட்டும் ஒட்டினால் குலை ஒன்றா பலவா என்று தேர்வாளர் சிவப்பு மையில் கேட்பார். பி.ஓ.டி.க்கு விரிவு மட்டும் போதாது. மலேசியச் செம்பனை ஆலை விதிகளில் அது 30 டிகிரி செல்சியஸில் 3 நாள் சோதனை. மற்ற இடங்களில் வழக்கமானது 20 டிகிரியில் 5 நாள். இந்த வேறுபாட்டைப் பட்டியலிலேயே காட்ட லாங்-ஷார்ட்-டெஸ்க் ஸ்டைலை எடுத்து, டிஸ்க்ரிப்ஷன் என்ற இடத்தில் எழுதிவிடுங்கள்.