தன்னைப் புகழ்தல் தகுமா?

கேள்வி: இணையத்தில் சிறுகதைகள் எழுதுகிறேன். லிங்கை வாட்ஸ்அப் குழுக்களில் போட்டு 'படித்துவிட்டுச் சொல்லுங்கள்' என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது. போடாவிட்டால் ஒருவரும் படிப்பதில்லை. நல்ல எழுத்து தானாகப் போய்ச் சேராதா?
- ஒரு வாசகி, விருதுநகர்

பதில்: சேராதுங்க. தினமும் எத்தனை பேர் எழுதுகிறார்கள், நீங்கள் சொல்லாமல் யாருக்குத் தெரியும்?

கூச்சம் நம் ஊர்ச் சொத்து, ஒப்புக்கொள்கிறேன். நன்னூலில் பவணந்தி முனிவரும், எவ்வளவு பெரிய நூலைச் செய்திருந்தாலும் தற்புகழ்ச்சி தகாது என்றுதான் கண்டிக்கிறார். ஆனால் கையோடு அடுத்த சூத்திரத்திலேயே 'தன்னைப் புகழ்தலும் தகும் புலவோற்கே' என்று நாலு இடங்களில் சலுகை தந்துவிடுகிறார்: அரசனுக்கு ஓலை எழுதும்போது, தன் ஆற்றல் தெரியாதவர்கள் நடுவில், சபையில் வாதிட்டு ஜெயிக்க வேண்டிய நேரத்தில், எதிராளி பழித்தபோது. இதில் இரண்டாவது இடம் சாட்சாத் உங்கள் வாட்ஸ்அப் குழுதான்.

பாரதியார் அந்த முதல் சலுகையை நன்றாகவே பயன்படுத்திக்கொண்டார். 1919இல் எட்டயபுரம் ராஜாவுக்கு எழுதிய சீட்டுக்கவியில், அதாவது பாட்டாகவே எழுதிய கடிதத்தில், தன் கவிதை சுவையிலும் பொருளிலும் சொல்லிலும் புதிது, அழியாதது என்று அவரே சொல்கிறார். மறு வருஷம் தன் எழுத்தையெல்லாம் 40 புத்தகங்களாக, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதிகள் போடப்போவதாகவும் அதற்குப் பணம் வேண்டும் என்றும் சுற்றறிக்கை அனுப்பினார். தீப்பெட்டி, மண்ணெண்ணெய் மாதிரி சர்வசாதாரணமாக விற்கும் என்று நம்பினார், பாவம். திட்டம் நடக்கவில்லை, 1921இல் ஆளே போய்விட்டார். ஆனால் விற்க நினைத்ததெல்லாம் தன் மனசுக்குச் சரியென்று பட்டு எழுதி முடித்ததைத்தான்.

உங்கள் கூச்சத்தை எழுதும் நேரத்துக்கு மிச்சம் வையுங்கள். இணையத்தில் தொடர்கதை எழுதுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள்: அம்மாவும் மகளும் பேசி முடிக்கிற இடத்தில் நிற்க வேண்டிய அத்தியாயம், காலிங் பெல் அடித்து, கதவைத் திறந்தவள் அதிர்ச்சியில் உறைவதோடு நிற்கும், ஏனென்றால் அப்போதுதான் 'அடுத்த பகுதி எப்போ சிஸ்?' என்று கமெண்ட் வரும். நாலு வாரம் இப்படிப் பழகிவிட்டால் அப்புறம் கை தானாகவே பெல்லைத் தேடிப் போகும்.

மற்றபடி தாராளமாகப் போடுங்கள். வெறும் லிங்கைப் போடாமல் கதையிலிருந்து ஒரு நல்ல பத்தியைச் சேர்த்துப் போடுங்கள், ஒரு தடவை மட்டும். கதைக்குச் சம்பந்தமில்லாத முப்பது பேரை டேக் செய்வதும், சித்தப்பாவிடம் 'படிச்சாச்சா?' என்று கல்யாண வீட்டில் மடக்குவதும் வேண்டாம்.

கேள்வி: தலைப்பை மட்டும் கொஞ்சம் பரபரப்பாக வைக்கலாமா?
- அதே வாசகி

பதில்: உள்ளேயும் அந்தப் பரபரப்பு இருந்தால் வையுங்கள். 'அன்றிரவு அவள் செய்த காரியம்' என்று போட்டுவிட்டு, உள்ளே அவள் இட்லிக்கு மாவு அரைத்துக்கொண்டிருந்தால் அடுத்த கதைக்கு ஆள் வராது. ஆனால் அந்த மாவு அரைக்கிற கதையை நான் படிக்கத் தயார், சொந்தத் தலைப்போடு அனுப்புங்கள்.