தங்க மூட்டு – கடிதம்

அன்புள்ள சார்,

ட்ரில் பிட்டுகளுக்குப் பூச்சு போடும் தொழிலைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். அம்மாவுக்கு 66 வயது, முழங்கால் மூட்டு மாற்ற நாள் குறித்தாகிவிட்டது. ‘கோல்டு நீ’ (Gold Knee) என்ற பொன்னிறப் பூச்சு போட்ட மூட்டை வைத்தால் 30 வருடம் வரும், சாதாரண மூட்டு 15 வருடம்தான் என்கிறார்கள் மருத்துவமனையில். ஒரு லட்சம் கூடுதல். நகையை அடகு வைக்கலாம் என்கிறான் தம்பி. அதில் உண்மையிலேயே தங்கம் இருக்கிறதா? அந்தப் பூச்சு அவ்வளவு உழைக்குமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அடகுக் கடைக்குப் போவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

தங்கம் ஒரு பொட்டுக்கூடக் கிடையாது. அது டைட்டானியம் நைட்ரைடு, சில வகைகளில் நியோபியம் என்ற உலோகமும் சேர்ந்திருக்கும். ஹார்டுவேர் கடையில் பொன்னிறத்தில் ட்ரில் பிட் பார்த்திருப்பீர்களே, அதே குடும்பம்தான். காற்றை உறிஞ்சி எடுத்த அறைக்குள் டைட்டானியத்தை மின்வில்லால் ஆவியாக்கி, நைட்ரஜனை அளவாக விட்டால், இரண்டும் சேர்ந்து உலோகத்தின் மேல் படியும். நைட்ரஜன் குறைந்தால் நிறம் வெளிறிவிடும். கனம் நாலைந்து மைக்ரான், தலைமுடியில் பத்தில் ஒரு பங்குகூட வராது.

கடினத்தில் குறையே சொல்ல முடியாது. விக்கர்ஸ் அளவில் 2000 பக்கம் நிற்கும், அடியில் இருக்கும் மூட்டு உலோகமான கோபால்ட்-குரோமியம் 400 பக்கம்தான். ஆனால் நான் கையில் எடுத்துப் பார்த்த கெட்டுப்போன பூச்சுகளில் தேய்ந்து போனவை கொஞ்சம், உரிந்து போனவைதான் அதிகம். பூச்சுக்கு முன்னால் கழுவும்போது ஒரு விரல்ரேகை தங்கிவிட்டால் போதும், அந்த இடத்தில் பிடிக்காது. ட்ரில் பிட் என்றால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கலாம். மூட்டுக்குள் உரிந்தால் அந்தத் துணுக்கு, எதிரே இருக்கும் பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்கை உப்புத்தாள் மாதிரி அராவிவிடும்.

இதற்கு முன்னால் ஒன்று நடந்தது, எனக்கு மறக்கவே முடியாதது. 1993 முதல் 1995 வரை ஐரோப்பாவில் சுமார் நூறு பேருக்கு, வைரம் போன்ற தன்மை உள்ள கார்பன் பூச்சு போட்ட இடுப்பு மூட்டுப் பந்துகளை வைத்தார்கள். முதல் ஒன்றரை வருடம் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. எட்டரை வருடம் ஆனபோது பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் மிஞ்சின, அதே சமயம் சாதாரண அலுமினா பீங்கான் பந்துகளில் 88 சதவீதம் நன்றாக இருந்தன. கழற்றி எடுத்தவற்றை ஆராய்ந்தபோது கார்பன் தேயவே இல்லை என்று தெரிந்தது. பூச்சு ஒட்டுவதற்காக அடியில் போட்ட மெல்லிய சிலிக்கான் அடுக்குதான், உடம்பின் திரவம் உள்ளே இறங்கி மெதுவாக அரித்துக்கொண்டே போயிருக்கிறது. இயந்திரத்தில் லட்சக்கணக்கான தடவை மடக்கி நீட்டிப் பார்த்தாலும், வருடக்கணக்கில் நடக்கும் அந்த அரிப்பைக் காட்டாது. 30 வருடம் என்று யாராவது சொன்னால் அது மனிதர்களில் பார்த்ததா இயந்திரத்தில் பார்த்ததா என்று கேளுங்கள்.

சாதாரண மூட்டு 15 வருடம்தான் என்பதும் சரியில்லை. ஆஸ்திரேலிய, பின்லாந்து மூட்டு அறுவைப் பதிவேடுகளை வைத்து 2019-இல் வெளியான கணக்குப்படி, முழங்கால் மூட்டுகளில் 82 சதவீதம் 25 வருடம் தாண்டுகின்றன. மறுபடி அறுக்க வேண்டி வருவது பெரும்பாலும் கிருமித்தொற்றாலும், மூட்டு எலும்பிலிருந்து தளர்ந்துபோவதாலும்தான். பொன்னிறப் பூச்சு கிருமியையும் தடுக்காது, எலும்போடு பிடிப்பையும் கூட்டாது.

அப்புறம் அந்த ஒரு லட்சம். 2017 ஆகஸ்டில் மத்திய அரசு விலை உச்சவரம்பு வைத்தபோது கோபால்ட்-குரோமிய மூட்டுக்கு 54,720 ரூபாய், டைட்டானியம் போன்ற சிறப்பு உலோக வகைக்கு 76,600. வித்தியாசம் 22,000 கூட இல்லை. அதற்குப் பிறகு விலைகள் மாறியிருக்கின்றன, ஆனாலும் மூட்டின் விலையை பில்லில் தனியாகப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள், கூச்சப்பட வேண்டாம்.

இந்தப் பூச்சுக்கு நியாயமான தேவை ஒன்று இருக்கிறது. கோபால்ட், குரோமியம், நிக்கல் அயனிகள் உடம்புக்குள் கசிவதை இது குறைக்கிறது, அதனால் உலோக ஒவ்வாமை உள்ளவர்களுக்கு மருத்துவர்கள் இதை யோசிக்கிறார்கள். அம்மாவுக்குக் கவரிங் தோடு போட்டால் காது அரித்துப் புண்ணாகுமா, வாட்ச் பட்டை பட்ட இடம் தடித்துப் போகுமா என்று இன்றைக்கே கேளுங்கள். ஆமாம் என்றால் அறுவைக்கு முன்பே சர்ஜனிடம் சொல்லிவிடுங்கள். தோலில் அரிப்பு வருகிற எல்லோருக்கும் மூட்டிலும் சிக்கல் வரும் என்று இல்லை, அதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். இல்லை என்றால் அடகு வேண்டாம். சாதாரண மூட்டையே, அதை நிறைய வைத்துப் பழகிய கையால் வைத்துக்கொள்ளட்டும்.