நிறத்தை விடுங்கள், நுரையைச் சொல்லுங்கள்

கேள்வி: எனக்கு 51 வயது. தையல் கடை நடத்துகிறேன். 9 வருடமாகச் சர்க்கரை, 4 வருடமாக ரத்தக் கொதிப்பு. சில மாதங்களுக்கு முன் காலையில் சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனது. இடுப்பு வலியும் வந்தது. பயந்துபோய் ரத்தத்தில் உப்பு பார்த்தேன், கிரியாட்டினின் 0.9 என்றார்கள். என் அம்மா வருடக்கணக்கில் சர்க்கரை மாத்திரை சாப்பிட்டே கிட்னி கெட்டு, டயாலிசிஸில் இருந்து இறந்தார். எனக்கும் அந்தக் கதி வரக்கூடாது என்று சர்க்கரைக்கான மெட்ஃபார்மின், கொதிப்புக்கான டெல்மிசார்டன் இரண்டையும் 3 மாதமாக நிறுத்திவிட்டேன். தினமும் வாழைத்தண்டுச் சாறும் 5 லிட்டர் தண்ணீரும் குடிக்கிறேன். இடுப்பு வலிக்கு மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போடுகிறேன். இப்போது சிறுநீர் தண்ணீர் போலப் போகிறது, இரவில் இரண்டு முறை எழுகிறேன். நுரையும் வருகிறது. கிட்னியை முழுதாகச் சுத்தம் செய்ய வேறு என்ன சாப்பிடலாம்?
பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல்

பதில்: ‘நுரையும் வருகிறது’ என்று போகிறபோக்கில் இரண்டே சொல்லில் எழுதிவிட்டீர்களே அம்மா, உங்கள் கடிதத்தில் நான் நிமிர்ந்து உட்கார்ந்த இடம் அதுதான். அதற்கு வருகிறேன். முதலில், பயப்படத் தேவையில்லாதவற்றைத் தள்ளிவிடுகிறேன்.

காலைச் சிறுநீர் அடர் மஞ்சளாக இருந்தால் கிட்னி வேலை செய்கிறது என்று அர்த்தம். தூங்கும்போது நாம் தண்ணீர் குடிப்பதில்லை. மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி ஒரு ஹார்மோனை அனுப்பி, இருக்கும் தண்ணீரை விட்டுவிடாதே என்று கிட்னிக்குச் சொல்கிறது. கழிவு அதே அளவு, தண்ணீர் குறைவு, அதனால் நிறம் கெட்டி. கெட்டுப்போன கிட்னிக்குத்தான் இப்படிச் சுண்டக் காய்ச்சத் தெரியாது; காலையிலும் மாலையிலும் ஒரே வெளிறிய நிறத்தில் விட்டுக்கொண்டிருக்கும். பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை சாப்பிட்டால் பளீரென்ற மஞ்சள், பீட்ரூட் சாப்பிட்டால் சிலருக்கு இளஞ்சிவப்பு. இதற்கெல்லாம் வீடியோ தேடிப் பார்க்க வேண்டாம்.

இடுப்பு வலி இடுப்பு வலிதான். கிட்னி இடுப்பில் இல்லை. இடுப்புக்கு மேலே, முதுகுப் பக்கம், கடைசி விலா எலும்புகளை ஒட்டி இருக்கிறது. கல் அடைத்தால் விலாப்பக்கத்திலிருந்து அடிவயிறு வரை அலை அலையாக இழுக்கும். ஓரிடத்தில் உட்கார முடியாது. குளிர் காய்ச்சலோடு விலாப்பக்கம் வலித்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். உங்களுக்கு இரண்டும் இல்லை. நாள் முழுவதும் தையல் மிஷினில் குனிந்தே உட்காருபவருக்கு இடுப்பு வலிக்காவிட்டால்தான் ஆச்சரியம். சர்க்கரையால் கெடும் கிட்னி வலிக்கவே வலிக்காது. அதுதான் அதன் கெட்ட குணம்.

5 லிட்டர் குடித்துவிட்டு இரவில் இரண்டு முறை எழுவதில் பாதி நோயே இல்லை, அது வெறும் கணக்கு. மீதிப் பாதி, 3 மாதமாகக் கட்டவிழ்த்துவிட்ட உங்கள் சர்க்கரை. ரத்தத்தில் சுமார் 180ஐத் தாண்டினால் சர்க்கரை சிறுநீரில் வழியத் தொடங்கும். போகும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும்.

இப்போது ‘சுத்தம்’ என்ற சொல்லுக்கு வருவோம். இந்த ஒரு சொல்லை வைத்து எத்தனை பேர் பொடியும் சாறும் விற்றுப் பிழைக்கிறார்கள் என்று நினைத்தால் எரிச்சல்தான் வருகிறது. உங்கள் கடையைத் தீபாவளி முடிந்ததும் எப்படி ஒழுங்குபடுத்துவீர்கள்? துண்டுத் துணியை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எறிவீர்களா, அல்லது எல்லாவற்றையும் திண்ணையில் கொட்டிவிட்டு, வேண்டிய நூல்கண்டு, பொத்தான், கத்தரி, அளவு நாடாவை மட்டும் திரும்ப உள்ளே எடுத்து வைப்பீர்களா? கிட்னி செய்வது இரண்டாவது முறை. கழிவைத் தேடிப் பிடிப்பதில்லை. ரத்தத்தின் நீர்ப்பகுதியில் சிறியதாக இருக்கும் எல்லாவற்றையும், தண்ணீர், சர்க்கரை, உப்பு, யூரியா என்று வேறுபாடு பார்க்காமல் வடித்துக் கொட்டுகிறது. நிமிடத்துக்கு ஏறக்குறைய 120 மில்லி, ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர். 15 லிட்டர் பிடிக்கும் குடத்தில் 12 குடம். உடம்பில் இருக்கும் ரத்தத்தின் நீர்ப்பகுதி மொத்தமே 3 லிட்டர்தான். அதே 3 லிட்டரை ஒரு நாளில் 60 முறை வடித்துப் பார்க்கிறது. பிறகு நீண்டு வளைந்த நுண்குழாய்கள் வழியாக வேண்டியதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. சர்க்கரை முழுவதும், உப்பில் பெரும்பகுதி, தண்ணீரில் நூற்றுக்கு 99 பங்கு உள்ளே போய்விடுகிறது. திண்ணையில் மிஞ்சுவது ஒன்றரை லிட்டர். அதைத்தான் சிறுநீர் என்கிறோம்.

நீங்கள் கூடுதலாகக் குடிக்கும் 3 லிட்டர் இந்த 12 குடத்தைப் பதின்மூன்று ஆக்காது. திரும்ப எடுக்கும் தண்ணீரைக் கிட்னி கொஞ்சம் குறைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். நாளுக்கு 60 முறை கழுவும் உறுப்பை வாழைத்தண்டுச் சாறு வந்து கழுவ வேண்டியதில்லை. வாழைத்தண்டு எனக்கும் பிடிக்கும். பாசிப்பருப்பும் தேங்காயும் போட்டுப் பொரியலாகச் சாப்பிடுங்கள். ஆனால் கிட்னி உண்மையிலேயே பழுதானவர்களுக்கு அந்தச் சாற்றிலும் இளநீரிலும் இருக்கும் பொட்டாசியம் ரத்தத்தில் தேங்கி இதயத்தை நிறுத்தக்கூட முடியும். கிட்னிக்கு நல்லது என்று விற்கப்படுவது கிட்னி நோயாளிக்கே ஆகாது என்பதை எந்த வீடியோவும் சொல்வதில்லை.

நுரைக்கு வருகிறேன். அந்த வடிகட்டி எப்படி இருக்கும் தெரியுமா? ஒவ்வொரு கிட்னியிலும் சுமார் 10 லட்சம் இருக்கின்றன. ஒவ்வொன்றும் நூல்கண்டு போலச் சுருண்ட மெல்லிய ரத்தக்குழாய் முடிச்சு. அதன் சுவரில் நுண்துளைகள், அதன்மேல் ஒரு மெல்லிய சவ்வு, அதற்கும் மேல் இரு கைவிரல்களைக் கோத்தது போலப் பின்னிக்கொண்ட செல்கள். ஆல்புமின் என்ற புரதம் இந்த மூன்றையும் தாண்டக்கூடாது. உருவத்தில் பெரியது; போதாததற்கு, அந்தச் சுவருக்கும் ஆல்புமினுக்கும் ஒரே எதிர் மின்னேற்றம் என்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொள்ளும். ஆண்டுக்கணக்கில் சர்க்கரை ஏறி நின்றால் இந்த நெசவு தளர்கிறது. இழை விலகிய இடத்தில் ஆல்புமின் ஒழுகுகிறது. பருப்பு வேகும்போது பொங்கி நிற்கும் நுரையைப் பார்த்திருப்பீர்கள். புரதம் கலந்த நீர் அப்படித்தான் நுரைக்கும்.

நான் மருத்துவக் கல்லூரியில் படித்த காலத்தில் வார்டை ஒட்டிய சின்ன அறையில் ஒரு ஸ்பிரிட் விளக்கு இருக்கும். சோதனைக் குழாயில் முக்கால் அளவு சிறுநீரை எடுத்து, மேல்பகுதியை மட்டும் சுடரில் காட்டுவோம். கீழே தெளிவாக இருக்க, மேலே வெண்ணிறமாகக் கலங்கும். இரண்டு சொட்டு அசிட்டிக் அமிலம் விட்டதும் கலங்கல் கரைந்துபோனால் வெறும் பாஸ்பேட். கரையாமல் வெந்த முட்டை வெள்ளைக்கரு போலத் திரண்டு நின்றால் ஆல்புமின். லண்டனில் ரிச்சர்ட் பிரைட் என்ற மருத்துவர், உடல் வீங்கிய நோயாளிகளின் சிறுநீரைக் கரண்டியில் ஊற்றி மெழுகுவர்த்தியில் சூடாக்கிப் பார்த்துத்தான், வீக்கத்துக்கு வேர் கிட்னியில் இருக்கிறது என்று 1827இல் எழுதினார். கிட்னி நோயைப் பிடித்தது சிறுநீரின் நிறமல்ல, அதில் திரண்ட புரதம்.

எல்லா நுரையும் ஆல்புமின் இல்லை. வேகமாகப் போனால் நுரைக்கும், கழிப்பறை கழுவும் திரவம் மிச்சமிருந்தால் நுரைக்கும். அந்தக் குமிழிகள் பெரிதாக இருந்து சீக்கிரம் உடைந்துவிடும். சோப்பு நுரை போல மெல்லியதாக, ஒரு முறை தண்ணீர் ஊற்றியும் போகாமல் ஒட்டிக்கொண்டு நிற்பதுதான் சந்தேகத்துக்குரியது. 5 லிட்டர் தண்ணீர் கலந்து வெளிறிய பிறகும் உங்களுக்கு நுரைக்கிறது என்பதால்தான் எனக்குக் கவலை. காலையில் எழும்போது கண் இமை தடித்திருக்கிறதா? மாலையில் மெட்டி இறுகுகிறதா, செருப்பு வார் பட்ட இடம் பள்ளமாகத் தெரிகிறதா? இருந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம்.

ஆனால் 0.9 தானே என்பீர்கள். நம் ஊரில் எல்லாவற்றுக்கும் ‘உப்பு’ என்று பெயர். கர்ப்பிணியின் சிறுநீரில் ஆல்புமின் வந்தாலும் உப்பு, ரத்தத்தில் கிரியாட்டினின் ஏறினாலும் உப்பு. முன்னது புரதம், பின்னது தசைகளின் கழிவு. இரண்டுமே சமையல் உப்பு அல்ல. நீங்கள் பார்த்தது பின்னதை. கிட்னியின் வேலைத் திறனில் பாதி போகும்வரைகூட கிரியாட்டினின் பெரிதாக அசையாது. அதோடு சர்க்கரையின் ஆரம்ப காலத்தில் வடிகட்டிகள் வழக்கத்தைவிட வேகமாக வடிக்கும். எண் பார்ப்பதற்கு இன்னும் அழகாக இருக்கும். ஆல்புமின் ஒழுகுவது, கிரியாட்டினின் ஏறுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே தொடங்கிவிடும்.

ஏன் வேகமாக வடிக்கிறது? அந்த நூல்கண்டுக்குள் ஒரு குழாய் வருகிறது, ஒரு குழாய் வெளியேறுகிறது. வெளியேறும் குழாய் கொஞ்சம் இறுக்கம்; அந்த நெருக்கடி தரும் அழுத்தத்தில்தான் நீர் வடிகிறது. சர்க்கரை, உள்ளே வரும் வாசலை அகலத் திறந்துவிடுகிறது; வெளியேறும் வாசல் இறுகியே இருக்கிறது. உள்ளே அழுத்தம் ஏறி, நெசவு கிழிகிறது. டெல்மிசார்டன் என்ன செய்கிறது தெரியுமா? வெளியேறும் வாசலைத் தளர்த்தி அந்த அழுத்தத்தை இறக்குகிறது. கிட்னியைக் கெடுக்கும் என்று நீங்கள் குப்பையில் போட்டது, கிட்னிக்குக் காவல் நின்ற மாத்திரை. அதைத் தொடங்கிய முதல் வாரங்களில் கிரியாட்டினின் கொஞ்சம் ஏறுவது உண்டு. 30 சதவீதம் வரை ஏறினால் நாங்கள் அதை ஏற்றுக்கொண்டு தொடர்வோம். அந்த ஒரு ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டுதான் ‘மாத்திரை போட்டதும் உப்பு ஏறிவிட்டது’ என்று ஊர் பேசுகிறது.

உங்கள் அம்மாவின் ஃபைலை நான் பார்க்கவில்லை. ஆனால் இந்தக் கதையைப் பல குடும்பங்கள் என் மேஜைக்கு எதிரில் உட்கார்ந்து சொல்லியிருக்கின்றன, ஒரே வரிசையில். பல வருடம் மாத்திரை சாப்பிட்டார், கிட்னி கெட்டது, உடனே டாக்டரே மெட்ஃபார்மினை நிறுத்தச் சொன்னார். அப்படியானால் அதுதானே காரணம்? இல்லை. மெட்ஃபார்மின் கிட்னியைக் கெடுப்பதில்லை. அது உடம்பை விட்டு வெளியேறும் வழி கிட்னி. வழி அடைபட்டால் மருந்து ரத்தத்தில் தேங்கும். அதனால்தான் கிட்னியின் திறன் குறையக் குறைய அளவைக் குறைத்து, வடிப்பது நிமிடத்துக்கு 30 மில்லிக்குக் கீழே போனதும் நிறுத்துகிறோம். வீட்டார் கண்ணில் பட்டது அந்தக் கடைசி நாள் மட்டும். அதற்கு முன் சர்க்கரை 250லும் 300லும் நின்ற வருடங்களை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை.

சந்தேகப்பட வேண்டிய மாத்திரை ஒன்று உங்களிடம் இருக்கத்தான் செய்கிறது. மெடிக்கலில் காகிதத்தில் மடித்துத் தருகிறார்களே, அது. டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகைகள் உள்ளே வரும் குழாயை நெரித்து, கிட்னிக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். எப்போதோ ஒன்று போட்டால் பெரும்பாலோர் தப்பிவிடுவார்கள். சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் இருப்பவர் வாரக்கணக்கில் போட்டால் நான் எழுதிய எந்த மாத்திரையும் காப்பாற்றாது. இடுப்புக்கு இன்றிலிருந்து அது வேண்டாம். தேவைப்பட்டால் அளவோடு பாரசிட்டமால், மணிக்கு ஒரு முறை மிஷினை விட்டு எழுந்து நடப்பது, முதுகைத் தாங்கும் நாற்காலி.

தண்ணீரைத் தாகத்துக்குக் குடியுங்கள். கோடையில் இரண்டரை லிட்டர் ஆனால் போதும். நாளையே உங்கள் மருத்துவரிடம் போய், 3 மாதமாக நிறுத்திவிட்டேன் என்று மறைக்காமல் சொல்லுங்கள். திட்டுவார், வாங்கிக்கொள்ளுங்கள். ரத்தக் கொதிப்பையும் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியையும் பார்த்துவிட்டு அவர் மாத்திரையை மறுபடி தொடங்குவார். இரண்டு வாரம் கழித்துக் கிரியாட்டினினும் பொட்டாசியமும் பார்க்கச் சொல்வார். வாந்தி பேதி வந்தால் மட்டும், டெல்மிசார்டனைத் தொடரலாமா என்று அவரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். கண் விழித்திரையையும் காட்டிவிடுங்கள். கிட்னியில் நெசவு தளர்ந்தவர்களுக்குப் பெரும்பாலும் கண்ணிலும் தளர்ந்திருக்கும்.

லேபில் ‘யூரின் ஆல்புமின் கிரியாட்டினின் விகிதம்’ என்று கேளுங்கள். வெறும் ‘யூரின் டெஸ்ட்’ என்று சொன்னால் வேறு எதையாவது பார்த்துக் கொடுத்துவிடுவார்கள். ரிப்போர்ட்டில் mg/g கணக்கில் 30க்குக் கீழே இருந்தால் நிம்மதி, வருடம் ஒரு முறை பார்த்தால் போதும். 30 முதல் 300 என்றால் கசிவு தொடங்கிவிட்டது; இந்தக் கட்டத்தில் பிடித்தால் பலருக்குக் குறைக்க முடிகிறது, சிலருக்கு முழுதாகவே நிற்கிறது. 300ஐத் தாண்டினால் சிறுநீரக மருத்துவரைப் பார்க்க வேண்டும். சிறுநீரில் சர்க்கரையைத் திருப்பிவிட்டு அதே உள் அழுத்தத்தைக் குறைக்கும் டாபாகிளிஃப்ளோசின் போன்ற மருந்துகளும் இப்போது கையில் இருக்கின்றன; உங்கள் அம்மா காலத்தில் அவை இல்லை. ஒரே ஒரு சோதனையை வைத்து முடிவு கட்ட வேண்டாம். காய்ச்சலோ நீர்க்கடுப்போ இருக்கும் நாளில் கொடுத்தால் எண் பொய் சொல்லும். மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் மூன்று முறை பார்த்து, இரண்டு முறையாவது கூடியிருந்தால்தான் கணக்கு.

காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீர், தொடக்கத்தைக் கொஞ்சம் விட்டுவிட்டு நடுப்பகுதியைப் பிடித்துக் கொடுங்கள். வெறும் வயிறு தேவையில்லை. உங்கள் உடன்பிறந்தவர்களில் யாருக்காவது சர்க்கரை இருந்தால், போகும்போது அவரையும் அழைத்துப் போங்கள்.