பள்ளிப் பாத்தியும் கணக்கு நோட்டும்: மாணவர்களுக்கு வேளாண் தொழில் கற்பிப்பது பற்றிய கேள்வி பதில்

அரசு மேல்நிலைப் பள்ளிகளில் இருபத்தெட்டு ஆண்டுகள் வேளாண் தொழிற்கல்விப் பாடம் நடத்தியிருக்கிறேன். ஆசிரியர்களும் பெற்றோரும் ஒரு மாணவரும் அனுப்பிய கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

ஐயா, எங்கள் பள்ளியில் மூன்று சென்ட் நிலம் இருக்கிறது. பதினோராம் வகுப்பில் 24 பேர். எந்தப் பயிரில் தொடங்கலாம்? (ஆசிரியை, திண்டுக்கல்)

கீரையில் தொடங்குங்கள், அம்மா. சிறுகீரை 25 நாளில் கைக்கு வந்துவிடும். காலாண்டுத் தேர்வுக்குள் ஒரு முறை, அரையாண்டுக்குள் இன்னும் இரண்டு முறை விதைக்கலாம். முதல் முறை செய்த தவறை அதே பிள்ளைகள் அடுத்த முறை திருத்திக்கொள்ள முடியும், எனக்கு அதுதான் முக்கியம். மஞ்சளும் வாழையும் வேண்டாம். அவை விளைந்து வரும்போது பிள்ளைகள் முழு ஆண்டுத் தேர்வில் இருப்பார்கள். ஆறு குழுவாகப் பிரித்து, குழுவுக்கு அரை சென்ட், தனித்தனி நோட்டு கொடுங்கள். பொதுப் பாத்தி என்றால் அது யாருக்கும் சொந்தமில்லாத பாத்தி ஆகிவிடும்.

விற்று வந்த பணம் முழுவதும் லாபம் என்றே மாணவர்கள் நினைக்கிறார்கள். வரவு செலவை எப்படிப் புரிய வைப்பது? (ஆசிரியர், தஞ்சாவூர்)

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். என் வகுப்பில் நடந்ததையே சொல்கிறேன்.

ஒரு குழு 70 கட்டு கீரையைக் கட்டு 10 ரூபாய்க்கு விற்றது. வரவு 700. விதை 40, எரு 120, கட்டும் நார் 10, ஆட்டோ 100, ஆகச் செலவு 270. "லாபம் 430" என்று கரும்பலகையில் எழுதிக் கைதட்டினார்கள். தண்ணீர் ஊற்றியது யார் என்று கேட்டேன். தினமும் இரண்டு பேர், ஆளுக்கு அரை மணி நேரம், 25 நாள்: 25 மணி நேரம். பாத்தி கட்டியது, களை எடுத்தது, அறுத்துக் கட்டியது என்று இன்னும் 15 மணி. மணிக்கு 50 ரூபாய் கூலி போட்டாலும் 2,000 ரூபாய். 430 லாபம் 1,570 நட்டமாக மாறியது. வகுப்பில் பேச்சில்லை. பின்வரிசையில் ஒரு பெண் எழுந்து, "எங்கள் வீட்டில் அப்பா அம்மா கூலியை யாருமே எழுதுவதில்லையே, ஐயா" என்றாள். அந்த ஒரு வாக்கியத்துக்காக ஒரு பருவம் முழுவதும் பாடம் நடத்தலாம்.

பயிர்களுக்கு அரசு தரும் ஆதரவு விலையைப் பரிந்துரைக்கும் வேளாண் செலவு மற்றும் விலைகள் ஆணையம் சாகுபடிச் செலவை மூன்று விதமாகக் கணக்கிடுகிறது. கையிலிருந்து போன செலவு மட்டும் ஒன்று. அதனுடன் குடும்பத்தார் உழைப்பின் மதிப்பையும் சேர்த்தது இன்னொன்று. சொந்த நிலத்தின் வாடகையும் முதலீட்டின் வட்டியும் சேர்ந்தது மூன்றாவது. மூன்றையும் அந்த 70 கட்டுக் கீரைக்கே போட்டுக் காட்டினேன். ஆதரவு விலை பற்றி நாட்டில் ஏன் இத்தனை வாக்குவாதம் என்று அன்றைக்கு அவர்களுக்குப் புரிந்தது.

அடுத்த முறை ரப்பர் குழாய் போட்டு, மண்மேல் வைக்கோல் பரப்பி, வேலையை 18 மணி நேரமாகக் குறைத்தார்கள். ஆசிரியர் அறையிலேயே விற்றதால் ஆட்டோ செலவும் இல்லை. அப்போதும் நட்டம்தான், ஆனால் 370 ரூபாய். வேர் நறுக்கிக் கழுவிய கீரையைக் கட்டு 15 ரூபாய்க்கு விற்கலாம் என்ற யோசனை அதற்குப் பிறகு அவர்களுக்கே தோன்றியது.

ஊறுகாய், பொடி வகைகள் செய்து விற்க அனுமதி வேண்டுமா? (தலைமை ஆசிரியர், தேனி)

பறித்த காயைப் பறித்தபடி விற்கும் விவசாயியை 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் கட்டுப்படுத்தாது. ஊறுகாயாகவோ பொடியாகவோ மாறியதும் அது உணவுத் தொழில். எவ்வளவு சிறிய அளவானாலும் பதிவு வேண்டும். லேபிளில் சேர்மானங்கள், நிகர எடை, தயாரித்த தேதி, முகவரி, பதிவு எண், சைவப் பொருள் என்றால் பச்சைக் குறி எல்லாம் இருக்க வேண்டும். "பள்ளிப் பிள்ளைகள்தானே" என்று விட்டுவிடாதீர்கள். வாங்குபவர் வயிறு ஒன்றுதான். முதல் ஆண்டு பச்சைக் காய்கறியோடு நிறுத்திக்கொண்டு, லேபிள் எழுதும் பயிற்சியை மட்டும் வகுப்பில் கொடுங்கள்.

நிலமே இல்லாத பள்ளி என்ன செய்வது? (ஆசிரியை, சென்னை)

சிப்பிக் காளான். ஓர் அறையும் கொஞ்சம் நிழலும் போதும். வைக்கோலை இரண்டு அங்குலமாக நறுக்கி, நான்கைந்து மணி நேரம் ஊறவைத்து, வேகவைத்து ஆற விட வேண்டும். பிள்ளைகள் தவறுவது அடுத்த கட்டத்தில்தான். ஒரு பிடி வைக்கோலைக் கையில் இறுக்கிப் பிழிந்தால் உள்ளங்கை ஈரமாக வேண்டும், ஆனால் சொட்டு விழக் கூடாது. சொட்டினால் பச்சைப் பூஞ்சை வந்து படுக்கை வீணாகும். பிறகு பாலித்தீன் பையில் வைக்கோலும் காளான் விதையும் மாறி மாறி அடுக்கித் துளையிட்டுத் தொங்கவிட்டால், 15 முதல் 20 நாளில் பை முழுவதும் வெண்மை படரும். அந்த நாட்களில் ஆள் தேடி முன்பதிவு வாங்கச் சொல்லுங்கள். நாங்கள் அதைச் செய்யாமல், முதல் அறுவடையில் மூன்று கிலோ காளானை வைத்துக்கொண்டு மாலைவரை நின்றோம். ஒன்று மட்டும் கவனம்: காளான் விரிந்து முற்றினால் வித்துகள் காற்றில் பரவும், சிலருக்கு இருமல் வரும். ஓரம் சுருண்டிருக்கும்போதே பறியுங்கள், முகக்கவசம் அணியச் சொல்லுங்கள்.

விதையும் பயிற்சியும் எங்கே என்றால், வேளாண் அறிவியல் நிலையங்களில் கேளுங்கள். நாட்டின் முதல் நிலையம் 1974இல் புதுச்சேரியில் தொடங்கியதுதான்.

உழவர் சந்தையில் மாணவர்கள் கடை போடலாமா? (பெற்றோர், மதுரை)

அங்கே விற்க விவசாயி அடையாள அட்டை வேண்டும். அட்டை உள்ள பெற்றோருடன் மாணவர் போய் உட்காரலாம். 1999இல் உங்கள் ஊரில்தான் முதல் உழவர் சந்தை திறந்தார்கள். தினமும் காலையில் விலை குறித்து எழுதும் பலகையே நல்ல பாடம்.

ஐயா, எனக்கு விலை சொல்லவே கூச்சமாக இருக்கிறது. யாராவது குறைத்துக் கேட்டால் உடனே கொடுத்துவிடுகிறேன். (பதினோராம் வகுப்பு மாணவர், கரூர்)

தம்பி, உன் கையில் கணக்கு இல்லாததால்தான் கூச்சம். ஒரு கட்டுக்கு எவ்வளவு செலவானது என்று நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள். அடுத்து, ஒரு வாரம் காலையில் மார்க்கெட்டுக்குப் போய், எதுவும் வாங்காமல், மூன்று கடைகளில் கேட்கும் விலையையும் முடியும் விலையையும் குறித்து வா. எட்டாம் நாள் உன் விலையை ஒரே முறை சொல்லிவிட்டு, அவர் யோசிக்கும்வரை பேசாமல் இரு. முதலில் கடினமாக இருக்கும். என் மாணவர்களில் பலர் அந்த மௌனத்தில்தான் விலையை இறக்கிவிடுவார்கள். பக்கத்தில் ஒரு நண்பனை நிறுத்திவைத்து, நீ எத்தனை நொடி பொறுத்திருந்தாய் என்று எண்ணச் சொல். அடுத்த வாரம் அந்த எண்ணிக்கையை எனக்கு எழுது.